தாவும் சிலந்தி தூரத்தை அளப்பது எப்படி?

தாவும் சிலந்திகள் வலை பின்னி இரைக்காகக் காத்திருப்பதில்லை. கண்ணால் தேடி, பூனைபோல் பதுங்கி நெருங்கி, கடைசிச் சில சென்டிமீட்டரை ஒரே பாய்ச்சலில் கடந்துவிடும். 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தக் குடும்பம்தான் சிலந்திகளிலேயே மிகப் பெரியது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றின் உடல் நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தொடுவதுகூட இல்லை.

எட்டுக் கண்களில் பக்கவாட்டில் உள்ளவை அசைவைக் கவனிக்கும் காவல்காரர்கள். ஏதாவது நகர்ந்தால் சிலந்தி உடலைத் திருப்பி, முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களை அதன்மேல் நிறுத்தும். இந்த இரண்டும் நீண்ட குழாய்கள். முன்முனையில் இருக்கும் லென்ஸ் அசையாது. பின்முனையில் இருக்கும் விழித்திரையை ஆறு தசைகள் பிடித்து இழுத்து ஆட்டும். வெளிர்நிறச் சிலந்தியின் முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், கறுப்பாக இருந்த கண் பழுப்பாகி மீண்டும் கறுப்பாவது தெரியும். உள்ளே குழாய் நகர்வதைத்தான் நாம் பார்க்கிறோம்.

அந்த விழித்திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடுக்குகள் உண்டு. ஆழத்தில் உள்ள இரண்டுமே பச்சை ஒளியை உணர்பவை. ஆனால் பச்சைப் பிம்பம் கடைசி அடுக்கில்தான் தெளிவாக விழும். அதற்கு முந்தைய அடுக்கில் எப்போதும் மங்கல்தான். பார்த்தால் வீணான அமைப்புபோலத் தோன்றும். உண்மையில் அந்த மங்கல்தான் அளவுகோல். இரை அருகே வர வர மங்கல் கூடும். தெளிந்த பிம்பத்தையும் மங்கிய பிம்பத்தையும் ஒப்பிட்டுச் சிலந்தி தூரத்தைக் கணிக்கிறது. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பச்சை ஒளியில் குறி தவறவில்லை. அதே பிரகாசமுள்ள சிவப்பு ஒளியில் சிலந்திகள் இரைக்கு முன்பாகவே விழுந்தன. சிவப்பு ஒளி லென்ஸுக்குச் சற்றுத் தள்ளிக் குவிவதால் மங்கல் கூடி, இரை இருப்பதைவிட அருகில் இருப்பதாகக் கணக்குத் தப்பிவிட்டது.

தூரம் தெரிந்தபின் உந்துவிசை வேண்டும். சிலந்தியின் காலை மடக்கத் தசை இருக்கிறது. முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. தலைநெஞ்சுத் தசைகள் சட்டென்று சுருங்கி, உடல் திரவத்தைக் கால்களுக்குள் அழுத்தித் தள்ளும். மடங்கிய பின்னங்கால்கள் விறைத்து நீள, உடல் பறக்கும். நீர்ச்சத்து குறைந்த சிலந்தியால் சரியாகத் தாவ முடியாததற்கும், செத்த சிலந்தியின் கால்கள் உள்ளே சுருண்டுகொள்வதற்கும் இந்த அழுத்தம் போய்விடுவதுதான் காரணம். கால் காயப்பட்டால் திரவம் ஒழுகி அழுத்தம் குறையும் என்பதால், சிலந்தி அந்தக் காலையே அடியோடு கழற்றிவிடுவதும் உண்டு.

தாவுமுன் வயிற்றின் நுனியைத் தரையில் ஒருமுறை அழுத்தும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அங்கே ஒட்டப்பட்ட பட்டிழை பாய்ச்சல் முழுக்கப் பின்னால் நீண்டுகொண்டே வரும். காற்றில் உடல் குட்டிக்கரணம் போடாமல் தடுப்பது அந்த இழையின் இழுவிசை. குறி தவறினால் சிலந்தி அதிலேயே தொங்கி, ஏறித் திரும்பும்.