அந்தக் கறுப்புப் பட்டையை வெட்டச் சொல்லாதீர்கள்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன வாரம் ஒரு பென்டிரைவோடு கடைக்கு வந்தார். விசிடி காலத்திலிருந்தே படம் சேர்ப்பவர். அவர் மகள் வீட்டில் தங்கியிருந்த நேரத்தில், உறவுக்காரப் பையன் ஒருவன் உதவி செய்வதாக நினைத்து அவருடைய டிவிடி எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றச் சொல்லி ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். வேலை முடிந்ததும் டிஸ்க்குகளைப் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடையில் போட்டுவிட்டான். ஏற்றிக் கொடுத்தவர் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். படத்துக்கு மேலேயும் கீழேயும் வரும் கறுப்புப் பட்டை தெரியாதபடி, எல்லாப் படத்தையும் ஓரம் வெட்டி ‘ஃபுல் ஸ்கிரீன்’ ஆக்கிவிட்டார். “மக்ளே, இதப் பழையபடி ஆக்கித் தர முடியுமா?” என்று கேட்டார் ஆசிரியர்.

முடியாது சார் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஓரத்தில் வெட்டியெறிந்த படம் அந்தப் பென்டிரைவில் எங்கேயும் இல்லை.

நாகர்கோவிலில் பழைய டேப், டிஸ்க்குகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பதும், படிக்காத டிஸ்க்கிலிருந்து முடிந்தவரை படத்தை மீட்பதும் என் தொழில். “அப்படியே அந்தக் கறுப்ப எடுத்துருங்க அண்ணே” என்று சொல்லாத வாடிக்கையாளர் அபூர்வம். பலமுறை வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மேலேயும் கீழேயும் கறுப்பாக இருக்கும் இடத்தில் எந்தப் படமும் ஒளிந்திருக்கவில்லை. டிஸ்க் கம்பெனி மறைக்கவும் இல்லை, உங்கள் டிவி பழுதாகவும் இல்லை. இன்றைய டிவியின் அளவு 16:9, அதாவது உயரத்தைப் போல அகலம் 1.78 மடங்கு. சினிமாஸ்கோப் படத்தின் அகலமோ உயரத்தைப் போல 2.35 அல்லது 2.39 மடங்கு. 1953இல் ஹாலிவுட்டில் வந்த முறை அது. தமிழில் 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு வந்தது. இப்போது நீங்கள் தியேட்டரில் பார்க்கும் படங்களும் பெரும்பாலும் அந்த அகலம்தான். அவ்வளவு அகலமான படத்தை ஒரு ஓரம்கூட விடாமல் டிவிக்குள் வைத்தால், டிவியின் உயரத்தில் முக்கால் பங்குதான் நிறையும். மீதிக் கால் பங்கு சும்மா கிடக்கும். அதுதான் கறுப்புப் பட்டை. பட்டை தெரிந்தால் படம் முழுசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டும். இங்கே அதையே குறையாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

“டிவிக்குக் காசு குடுத்தது முழுசா பாக்கத்தானே?” என்று கேட்பார்கள். சரி, முழுசாக நிரப்பலாம். அதற்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று, படத்தைப் பெரிதாக்கி இரண்டு பக்கமும் வெட்டுவது. இதில் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். இன்னொன்று, படத்தை மேலும் கீழுமாக இழுப்பது. இதில் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு நீண்டு ஒடிசலாகிவிடும். மூன்றாவது வழி என்று ஒன்று கிடையாது. குடும்பப் போட்டோவைச் சதுரச் சட்டத்துக்குள் போட வேண்டும் என்பதற்காக ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவைக் கத்தரிக்க யாராவது சம்மதிப்பார்களா? படத்துக்கு மட்டும் சம்மதிக்கிறார்கள்.

ஆசிரியரின் பென்டிரைவை அவர் முன்னாலேயே ஓட்டிப் பார்த்தேன். ஒரு படத்தின் எழுத்துப் போடும் இடத்திலேயே தெரிந்துவிட்டது. அகலமாக எழுதிய பெயர்களில் முதல் எழுத்தும் இல்லை, கடைசி எழுத்தும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பஞ்சாயத்துக் காட்சி. ஒரு ஓரத்தில் குற்றம் சாட்டப்பட்டவன், மறு ஓரத்தில் பெரியவர்கள், நடுவில் வெறும் மண்தரை என்று ஒளிப்பதிவாளர் வைத்திருக்கிறார். ஊர் அவனைத் தனியே நிறுத்திவிட்டது என்பதை அந்த இடைவெளிதான் சொல்கிறது. வெட்டிய பிரதியில் மண்தரை மட்டும் இருக்கிறது, இரண்டு பக்கமிருந்தும் குரல் வருகிறது. ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை, நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்.

தொழில் தெரிந்தவர்கள் யாராவது, பிலிமில் உயரமாகப் படம்பிடித்து அப்புறம் மேலும் கீழும் வெட்டி அகலப் படமாக்கும் சூப்பர் 35 முறையில் எடுத்த படங்களுக்கு நெகட்டிவில் மேலேயும் கீழேயும் கூடுதல் படம் இருக்குமே என்று சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் அது நெகட்டிவில். உங்கள் கையில் இருக்கும் டிஸ்க்கில் இல்லை.

பக்கவாட்டுப் பட்டைக்கும் இதே கதைதான். கறுப்பு வெள்ளைக் காலப் படங்களும், பழைய விஎச்எஸ் கல்யாண வீடியோக்களும் ஏறக்குறைய 4:3 அளவில் எடுத்தவை. இன்றைய டிவியில் அவற்றுக்கு இடப்புறமும் வலப்புறமும் கறுப்பு வரத்தான் செய்யும். அதை நிரப்பச் சொன்னால் உயரத்தில் கால் பங்கை வெட்ட வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் தலைக்கு மேல் அதிகம் இடம் விடுவதில்லை. ஆகவே முதலில் போவது மாப்பிள்ளையின் தலைப்பாகை, அப்புறம் பின்னால் நிற்கும் உயரமான தாய்மாமன். வெட்டாமல் இழுத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். இறந்துபோன அம்மாவின் முகத்தை அப்படி உப்பிப்போன முகமாகவே வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீடும் எனக்குத் தெரியும். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தியதும் சரியாகிவிட்டது. அந்த வீட்டு அக்கா அழுதார்.

அந்தப் பட்டனைத் தேடுங்கள். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பட்டன் இருக்கும், இல்லாவிட்டால் செட்டிங்கில் இருக்கும். ‘ஒரிஜினல்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ போன்ற பெயர்களில் வரும். டிவிடி பிளேயர் வைத்திருப்பவர்கள் பிளேயரின் செட்டிங்கிலும் டிவி வகை 16:9 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய டிவி போய்ப் புது டிவி வந்த பிறகும் பிளேயர் இன்னும் 4:3 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள் என்று டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் பெரிதாக்குவது தப்பில்லை. நம்மூர் டிவிடிகளில் சில, அகலப் படத்தைப் பழைய 4:3 சட்டத்துக்குள் கறுப்புப் பட்டையோடு சேர்த்தே பதிந்தவை. அவற்றை இன்றைய டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு வரும், நடுவில் சின்னதாகப் படம். இதற்கு ‘ஸூம்’ போடலாம், பக்கங்கள் வெட்டுப்படாது. ஆனால் தெளிவு குறையும். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில் பதிந்த டிவிடியில் மொத்தம் 576 கோடுகள். சினிமாஸ்கோப் படத்தை 16:9 முறையில் சரியாகப் பதிந்தால் அதில் ஏறக்குறைய 435 கோடுகள் படத்துக்குக் கிடைக்கும். 4:3க்குள் அடைத்தால் 327தான். மீதி எல்லாம் கறுப்பை எழுதவே செலவாகிவிடுகிறது. சேகரிப்பவர்கள் சண்டை போடுவது இதற்காகத்தான், அது நியாயமான சண்டை. அட்டையில் ‘வைட்ஸ்கிரீன்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே எந்த முறை என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். படம் முழுக்க மூலையில் கம்பெனி முத்திரை வேறு.

2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கிய பிறகு, சாதாரண வீடுகளிலும் டிஸ்க் சேர்ந்தது. அது நல்ல காரியம். அதே காலத்தில் ஒரே டிஸ்க்கில் மூன்று படம் போட்ட டிவிடிகளும் கடைகளில் தொங்கின. 4.7 ஜிபி டிவிடியில் இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றைத் திணித்தால், ஒரு நொடிக்குக் கிடைக்கும் தரவு ஏறக்குறைய ஒரு விசிடிக்குக் கிடைப்பதுதான். மழைக் காட்சியும் கூட்டக் காட்சியும் கட்டம் கட்டமாக உடைவது அதனால். துடைத்தாலும் தேய்த்தாலும் அது போகாது, டிஸ்க்கைப் பாடாய்ப் படுத்தாதீர்கள்.

இனி டப்பா விஷயம். படத்தை வெட்டாமல் வைத்திருப்பவர்கள்கூட இதில் கோட்டை விடுகிறார்கள்.

கருங்கலிலிருந்து வந்த ஒரு கல்யாண ஆல்பம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பின்னட்டையில் ஒரு மெல்லிய பிவிசி பை, அதற்குள் வீடியோ விசிடி. பல வருஷப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் கசிந்து டிஸ்க்கின் அச்சுப் பக்கத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. கொண்டுவருவதற்கு முன் வீட்டில் யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில் நகம் அளவுக்கு வெள்ளிப் பூச்சு பையோடு போய்விட்டது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிகிறது. அந்த இடத்தில் இருந்த காட்சி இனி இல்லை.

பளபளப்பான பக்கம்தான் முக்கியம், படம் போட்ட பக்கம் வெறும் அட்டை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சிடிக்கும் விசிடிக்கும் இது முழுத் தப்பு. அவற்றில் தரவு இருக்கும் பூச்சு, அச்சடித்த பக்கத்தில் ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. பளபளப்புப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் உண்டு. அங்கே விழும் கீறலை மெருகேற்றிக்கூடப் படிக்கலாம், அச்சுப் பக்கம் கீறினால் போச்சு. டிவிடி வேறு. 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி நடுவில் தரவை வைத்திருக்கிறார்கள். அதனால் அதன் எதிரி வளைவு. டப்பாவின் நடுக் குமிழ் இறுகலாக இருந்தால், ஓரத்தைப் பிடித்து நெம்பி வில்லாக வளைத்து எடுக்கிறீர்களே, அப்போதுதான் நடு ஓட்டையிலிருந்து முடி போன்ற விரிசல் கிளம்புகிறது. குமிழை விரலால் அழுத்துங்கள், டிஸ்க் தானே மேலே வரும். அழுத்தியும் வராத டப்பா என்றால் அந்த டப்பா வேண்டாம், மாற்றிவிடுங்கள். விரிசல் விழுந்த டிஸ்க்கைக் கணினி டிரைவில் போடாதீர்கள். அது சுற்றும் வேகத்தில் உள்ளேயே சிதறலாம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதில் கூடுதல் கஷ்டம். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கடற்காற்று வேறு. அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, டிஸ்க்குகளை 4 முதல் 20 டிகிரிச் சூட்டிலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் அதற்கு எங்கே போவது? ஆனால் கையில் இருப்பதைச் செய்யலாம். பிவிசி பையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், பையோடு கொண்டுவாருங்கள். கெட்டி டப்பாவில் போட்டுப் புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். ஒரு குமிழில் ஒரு டிஸ்க், மேலே இன்னொன்றை ஏற்றாதீர்கள். டிவிக்கு மேலே, செட்டாப் பாக்ஸுக்கு மேலே, வெயில் விழும் ஜன்னலோரம், ஓதம் ஏறும் சுவரை ஒட்டிய அலமாரி, எதுவும் வேண்டாம். ஸ்டுடியோக்காரர் கணினியில் எழுதிக் கொடுத்த டிஸ்க் என்றால் இன்னும் கவனம். அதில் தரவு இருப்பது சாயத்தில், வெயிலில் சாயம் கெடும்.

அழுக்கானால் பஞ்சுத்துணியை நனைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பற்பசை வேண்டாம், தின்னர் வேண்டவே வேண்டாம். பெயர் எழுதப் பால்பாயிண்ட் பேனா ஆகாது. ஒட்டிய காகித லேபிளை உரிக்க நினைக்காதீர்கள்.

மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாலும் வேறு எந்தக் கடையில் கொடுத்தாலும், தயவுசெய்து வாய் திறந்து இதைச் சொல்லுங்கள்: அளவை மாற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம், டிஸ்க்கில் இருப்பதை அப்படியே ஒரு நகல் தாருங்கள். இடம் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரட்டை அடுக்கு டிவிடியே 8.5 ஜிபிதான், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் அப்படி நூறு டிவிடி முழுசாகக் கொள்ளும். வீட்டுக்குப் போனதும் நகலையும் டிஸ்க்கையும் மாறி மாறிப் போட்டு, எழுத்துப் போடும் இடத்தையும் ஒரு கூட்டக் காட்சியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தாலும் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் ஓடாமல் போனால், திரும்ப எடுக்க அந்த டிஸ்க் மட்டும்தான் இருக்கும்.