மஞ்சள் பல்பின் கீழே குழந்தையின் மஞ்சள் தெரியாது

போன வாரம் ஐந்து நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். "நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே இருந்தான் டாக்டரம்மா" என்றார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் துணியை விலக்கினேன். நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரை மஞ்சள். பாட்டிக்குக் கை நடுங்கிவிட்டது. ரத்தத்தில் பிலிரூபின், அதாவது காமாலையில் தோலை மஞ்சளாக்கும் நிறமி, டெசிலிட்டருக்கு 21 மில்லிகிராம். உடனே அதைக் குறைக்கும் நீல விளக்கில் வைத்தோம், பிழைத்துக்கொண்டான். இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது குழந்தை இவன்.

பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது மஞ்சள் பல்ப் எரிந்த அறையில். அங்கே கொஞ்ச நேரம் இருந்தாலே வெள்ளை வேட்டி வெள்ளையாகத்தான் தெரியும். எல்லாவற்றின் மேலும் விழும் மஞ்சளை மூளை தானாகவே கழித்துவிடும். அதோடு குழந்தையின் தோலில் இருக்கும் மஞ்சளும் போய்விடும். இன்னொன்று, பிலிரூபின் நீல ஒளியை உறிஞ்சுவதால்தான் தோல் மஞ்சளாகத் தெரிகிறது. வெளிச்சத்திலேயே நீலம் குறைவு என்றால் காமாலைத் தோலும் சாதாரணத் தோலும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே "மஞ்சளாத் தெரியலை" என்பதற்கு "மஞ்சள் இல்லை" என்று அர்த்தமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் யாராவது ஒருவர், "நான் நாலு பிள்ளை பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்கிறார். அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது.

வார்டில் நாங்களும் நீல விளக்கை அணைத்துவிட்டுத்தான் குழந்தையைப் பார்ப்போம். அந்த விளக்கில் இருந்த குழந்தைக்குத் தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், ரத்தத்தில் பிலிரூபின் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. அதனால் அங்கே கண்ணை நம்புவதே இல்லை, ரத்தப் பரிசோதனைதான்.

தயவுசெய்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "மஞ்சள் இருக்கா?" என்று கேட்காதீர்கள். போன் கேமரா நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அந்தப் படத்தை நம்பி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மஞ்சள் துணி விரிக்க வேண்டாம், உடம்பில் மஞ்சள் பூசவும் வேண்டாம். நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்து, வெளுக்கும் அந்த இடத்தின் நிறத்தைக் கவனியுங்கள். கறுத்த குழந்தை என்றால் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, கால் வரை இறங்கினாலோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே கிளம்பி வாருங்கள். காலை வெயிலில் காட்டிவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். அளவு மிக அதிகமானால் மூளையைத் தாக்கும், காது கேட்காமல் போகலாம்.

அப்புறம் மலத்தின் நிறம். பித்தக் குழாய் அடைபட்ட குழந்தைக்கு மலம் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். மஞ்சள் வெளிச்சத்தில் அதுவும் சாதாரண மஞ்சளாகத் தெரியும். இந்த அடைப்புக்கான அறுவை சிகிச்சையைப் பிறந்த 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். தைவானில் 2004 முதல் நாடு முழுக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் மல நிற அட்டை கொடுத்து, அம்மாக்களையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் கையில் அட்டை இல்லாவிட்டாலும் ஜன்னல் இருக்கிறது. வெளுப்பாகத் தெரிந்தால் அந்த டயப்பரை எறிந்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழந்தையோடு எடுத்து வாருங்கள்.