கடைசிச் சீட்டு இல்லாத அட்டை

எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு அட்டை தொங்கும். அதில் மடித்து ஒட்டிய நூறு சின்னச் சீட்டுகள். இருபத்தைந்து காசு கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரு பரிசு. பெரும்பாலும் பலூன் வரும். இல்லையென்றால் பிளாஸ்டிக் மோதிரம், விசில். அட்டையின் உச்சியில் மட்டும் பாலித்தீன் உறைக்குள் ஒரு கைக்கடிகாரம் இருக்கும். அது எந்தச் சீட்டில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் எங்கள் தெருப் பையன்களின் கோடை விடுமுறை ஆராய்ச்சி. ‘லக்கி பிரைஸ்’ என்போம்.

பல வருடம் கழித்து அதே ஆராய்ச்சியை ஒரு குதிரைக்காகச் செய்தேன். 2004 நவம்பரில் வந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆன்லைன் மாயாஜால ஆட்டத்தில் லிச் கிங் என்று ஒரு பிணங்களின் அரசன் உண்டு. பனிக்கோட்டையின் உச்சியில் இருக்கும் அவனைக் கடினமான நிலையில் வீழ்த்தினால், அவனுடைய பறக்கும் குதிரை நமக்குக் கிடைக்கலாம். அந்த ‘லாம்’தான் விஷயமே. வாய்ப்பு சுமார் 1 சதவீதம் என்று ஆட்டக்காரர்கள் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கதாபாத்திரத்தை வைத்து வாரத்துக்கு ஒரு தடவைதான் முயல முடியும்.

அரசன் விழுகிற நொடியில் என்ன நடக்கிறது? அவனிடம் குதிரை முன்கூட்டியே இருப்பதில்லை. நம் கணினியில் வாள் வீச்சும் வெளிச்சமும் தெரிந்துகொண்டிருக்கும்போது, எங்கோ இருக்கும் சர்வர் ஒரு எண்ணை எடுக்கிறது. எளிமையாக, 1 முதல் 10,000 வரை ஒரு எண் என்று வைத்துக்கொள்வோம். சர்வரிடம் ஒரு பட்டியல் இருக்கும். எண் 100 அல்லது அதற்குக் கீழே என்றால் குதிரை, மற்றபடி கவசமோ காசோ. ஆட்டக்காரர்கள் ‘டிராப்’ என்று சொல்வது இந்தச் சரிபார்ப்பைத்தான். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த எண்கூட உண்மையில் குருட்டாம்போக்கானது இல்லை. வெறும் சூத்திரத்தை வைத்துக்கொண்டு கணினிக்கு அப்படி எதையும் செய்யத் தெரியாது. முந்தைய எண்ணை ஒரு சூத்திரத்தில் போட்டு அடுத்த எண்ணை எடுக்கும். ஆனால் சூத்திரம் நன்றாக இருந்தால் அதில் எந்த ஒழுங்கும் நம் கண்ணுக்குப் படாது. மாட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற ஜப்பானியக் கணிதர்கள் இருவர் 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கிய ‘மெர்சென் ட்விஸ்டர்’ என்ற சூத்திரம் உலகெங்கும் புழங்குகிறது. அது தந்த எண்வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்கு முன் எத்தனை எண்களைத் தரும் என்று எழுதினால், அந்த எண்ணிக்கைக்கு மட்டும் 6,002 இலக்கங்கள். நமக்கு அது போதும்.

சரி, 1 சதவீதம் என்றால் நூறு வாரத்தில் குதிரை வந்துவிடும்தானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கு வேறு சொல்கிறது. ஒரு வாரம் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு 0.99. இரண்டு வாரமும் வெறுங்கை என்றால் 0.99 பெருக்கல் 0.99. இப்படி நூறு முறை பெருக்கினால் 0.366 வருகிறது. அதாவது நூறு பேர் தலா நூறு வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம், விடாமல் முயன்றாலும் சுமார் 37 பேருக்குக் குதிரை கிடைத்திருக்காது. முந்நூறு வாரம் போனால்கூட நூற்றில் ஐந்து பேர் நடந்தே போய்க்கொண்டிருப்பார்கள். இந்த 37 விடாக்கண்டன்: ஆயிரத்தில் ஒன்று வாய்ப்பை ஆயிரம் முறை முயன்றாலும், லட்சத்தில் ஒன்றை லட்சம் முறை முயன்றாலும், தோற்பவர்கள் 37 சதவீதத்தை ஒட்டியே நிற்பார்கள்.

பெட்டிக்கடை அட்டையில் இப்படி நடக்காது. அங்கே கிழித்த சீட்டு திரும்ப ஒட்டிக்கொள்வதில்லை. ஐம்பது சீட்டு போயும் கடிகாரம் வரவில்லை என்றால், அடுத்த சீட்டில் அது இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிலிருந்து ஐம்பதில் ஒன்றாக ஏறியிருக்கும். தொண்ணூற்றொன்பது போய்விட்டால் கடைசிச் சீட்டு கடிகாரம்தான். அட்டைக்கு ஞாபகம் உண்டு. ஒவ்வொரு தோல்வியும் அதில் ஓட்டையாகப் பதிந்திருக்கும். சர்வரின் பட்டியலுக்கு ஞாபகம் கிடையாது. கிழித்த சீட்டை உடனே ஒட்டி, மொத்தத்தையும் குலுக்கி, புது அட்டையாக நீட்டுகிறது. நூற்றொன்றாவது வாரத்திலும் நமக்கு அதே 1 சதவீதம்.

நம் மூளை இதை ஏற்றுக்கொள்ளாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், ரூலெட் சக்கரத்தின் பந்து வரிசையாக 26 தடவை கறுப்பிலேயே விழுந்தது. ‘இத்தனை கறுப்பு வந்தாச்சு, இனிமேல் சிவப்புதான்’ என்று கூட்டம் சிவப்பின்மேல் பணத்தைக் கொட்டி இழந்தது. சக்கரத்தை அவர்கள் பெட்டிக்கடை அட்டையாக நினைத்துவிட்டார்கள். அவர்களை முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மரத்தில் பழம் பறித்தால் குறைகிறது, குளத்தில் மீன் பிடித்தால் குறைகிறது. நாம் பழகி வந்த உலகத்தில் முக்கால்வாசி அட்டைதான்.

இப்படி ஞாபகமில்லாத பரிசுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவர்கள் அடுத்துச் செய்வது சடங்கு. சேர்ந்து ஆடும் எங்கள் குழுவில் (‘கில்டு’ என்போம்) ஒருவர் பழைய ஓட்டைக் கோலைக் கையில் மாட்டிக்கொண்டுதான் பெட்டியைத் திறப்பார். நான் மூன்று தடவை குதிப்பேன். பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-ல் இதைப் புறாக்களிடம் கண்டார். பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை நீட்டி நீட்டி முட்டியது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுதான் தீனியை வரவழைத்தது என்று அவை முடிவுகட்டிவிட்டன என்பது ஸ்கின்னர் சொன்ன விளக்கம்.

அதே ஸ்கின்னருக்கு இன்னொரு விஷயம் பிடிபட்டதும் ஒரு தற்செயலால்தான். எலிகளுக்கான தீனி உருண்டைகளைத் தானே கையால் உருட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை மதியம் கையிருப்பைப் பார்த்தவர், திங்கள் காலைக்குள் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். விடுமுறையில் உட்கார்ந்து உருட்ட மனமில்லை. எலி நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ஏன் தர வேண்டும், எப்போதாவது ஒன்று கொடுத்தால் என்ன என்று யோசித்தார். எலி சளைக்காமல் அழுத்தியது. பிறகு வருடக்கணக்கில் புறாக்களிடமும் பல முறைகளைச் சோதித்தார்கள். இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று நிலையாக வைத்தால், புறா தீனி வாங்கியதும் சற்று ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்தில் வரும் என்றே தெரியாதபடி மாற்றிக்கொண்டே இருந்தால் ஓய்வே எடுக்காது. தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டிருக்கும். டிராப் பட்டியல் இந்த இரண்டாவது ரகம்.

ஏன் இப்படி என்பதற்கு மூளைக்குள் பார்த்தவர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சுவிட்சர்லாந்தில் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களைக் கவனித்துவந்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்ட பிறகு, சாறு வரும்போது ஒரு சலனமும் இல்லை. துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. டோபமைனை ‘இன்பச் சுரப்பி’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், அது எனக்கு எப்போதும் உறுத்தும். இந்தச் செல்கள் தெரிவித்தது கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை. தினமும் வரும் சம்பள நூறு ரூபாய்க்கும் பழைய சட்டைப் பையில் கிடைக்கும் நூறு ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லலாம்.

2003-ல் அவரும் கூட்டாளிகளும் இன்னொன்றையும் காட்டினார்கள். சாறு வருமா வராதா என்று காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் அதே செல்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. வாய்ப்பு பாதிக்குப் பாதி இருக்கும்போது அந்த ஏற்றம் மிக அதிகம். ஆட்டங்களில் பெட்டி உடனே திறக்காமல் குலுங்கி, விரிசல் விட்டு, வெளிச்சம் கசிந்து, பிறகு திறப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தச் சில நொடிகளைக் காட்டலாம். சர்வரில் விடை முன்பே முடிவாகியிருக்கும்.

ஆட்டம் செய்பவர்களுக்கும் ஞாபகமில்லாத பெட்டியால் தலைவலி உண்டு. முந்நூறு வாரம் நடந்தே போகிற அந்த ஐந்து பேர் ஒருநாள் ஆட்டத்தைவிட்டே போய்விடுவார்கள். அதனால் சில ஆட்டங்களில் ஞாபகத்தை வேண்டுமென்றே ஊட்டினார்கள். ‘வார்கிராஃப்ட் 3’-ல் 25 சதவீத வாய்ப்பு என்று எழுதியிருக்கும் சிறப்பு அடிக்கு, முதல் வெட்டில் உண்மையான வாய்ப்பு 8.5 சதவீதம்தான். தவறினால் அடுத்த வெட்டில் 17, அதற்கடுத்து 25.5 என்று ஏறும். அடி விழுந்ததும் பழையபடி 8.5. மொத்தச் சராசரி 25 சதவீதமே வரும், ஆனால் பன்னிரண்டாவது வெட்டுக்குள் கட்டாயம் விழும். கிட்டத்தட்ட நம் அட்டை. ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசை இன்னும் துணிச்சலானது. 2002-ல் வந்த பாகத்திலிருந்து, ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். திரையில் 90 சதவீதம் என்று காட்டும் அடி உண்மையில் 98 சதவீதம் விழும். 90 என்றால் ‘கண்டிப்பாக’ என்றுதான் நாம் படிக்கிறோம். அவர்கள் நம் படிப்புக்கு ஏற்றபடி கணக்கை வளைத்துவிட்டார்கள். பொய்தான், ஆனால் விளையாடும்போது நியாயமாகத் தெரிந்தது.

சீட்டு இழுப்பதுபோல் காசு கொடுத்துப் பரிசை இழுக்கும் ஆட்டங்களில் இந்த ஞாபகத்துக்குப் ‘பிட்டி’ என்று பெயர், அதாவது இரக்கம். 2020-ல் வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ ஆட்டத்தில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒன்று வர 0.6 சதவீத வாய்ப்பு. வெறும் 0.6 மட்டும் என்றால் 90 தடவை இழுத்த பிறகும் நூற்றுக்கு 58 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அதனால் 90-வது இழுப்பில் கட்டாயம் வரும் என்று வைத்திருக்கிறார்கள். அதையும் சேர்த்தால் சராசரி 1.6 சதவீதம் என்பது ஆட்டத்தின் அறிவிப்பு. இரக்கத்துக்கும் ஒரு விலை இருக்கிறது: ஒரு இழுப்புக்கு 160 ரத்தினம், 90-க்கு 14,400. வருகிற பாத்திரம் நாம் கேட்டதாக இருக்குமா என்பது, தொடக்கத்தில் வைத்த விதிப்படி, பாதிக்குப் பாதி. தவறினால் அடுத்த தடவைதான் உறுதி. ஆக மோசமான நிலையில் 180 இழுப்பு, 28,800 ரத்தினம். சும்மா ஆடியே இவ்வளவு ரத்தினம் சேர்க்க நாள் பிடிக்கும்; பொறுமையில்லாதவர்களுக்குக் கடை திறந்தே இருக்கிறது.

இந்த வகை ஆட்டங்களுக்குக் ‘கச்சா’ என்ற பெயர் ஜப்பானில் காசு போட்டுத் திருகும் பொம்மை இயந்திரத்தின் சத்தத்திலிருந்து வந்தது. அங்கே ‘கம்ப்ளீட் கச்சா’ என்று ஒன்று இருந்தது. ஒரு தொகுப்பின் எல்லாப் பொருள்களையும், ஆறு என்று வைத்துக்கொள்வோம், சேர்த்தால்தான் பெரிய பரிசு. பபுள்கம் உறையில் கிரிக்கெட் வீரர் படம் சேர்த்தவர்களுக்கு இது புரியும். ஆறும் சம வாய்ப்பில் வந்தாலே, முழுதாகச் சேர்க்கச் சராசரியாக 15 இழுப்பு வேண்டும். அதில் கடைசி ஒன்றுக்கு மட்டும் ஆறு. நான்கைந்து சீக்கிரம் வந்துவிடும், ‘இன்னும் ஒண்ணுதானே’ என்ற இடத்தில்தான் பணம் போகும். 2012-ல் ஜப்பான் அரசின் நுகர்வோர் துறை இது சட்டவிரோதம் என்று அறிவித்தது. 2017 மே முதல் சீனாவில் வாய்ப்பு எண்களை வெளியிட்டாக வேண்டும் என்று விதி வந்தது. 2018-ல் பெல்ஜியம் காசுக்கு விற்கும் பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது.

எண்ணை வெளியிட வைப்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கொரியாவின் ‘மேப்பிள்ஸ்டோரி’ ஓர் உதாரணம். அதில் ஆயுதத்தின் சக்திகளை மாற்றிப் பார்க்கக் ‘கியூப்’ என்று ஒரு பொருளை 2010-லிருந்து விற்றார்கள். எல்லாரும் ஏங்கிய சில சக்திக் கூட்டணிகள் வரும் வாய்ப்பைப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பூஜ்யமாக்கிவிட்டார்கள். வராத ஒன்றுக்காக ஜனங்கள் வருடக்கணக்கில் காசு போட்டுத் திருகிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிகக் கண்காணிப்பு ஆணையம் அந்த ஆட்டத்தை நடத்தும் நெக்சன் நிறுவனத்துக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது.

அதைப் படித்தபோது எனக்குத் தெருமுனைக் கடைதான் ஞாபகம் வந்தது. ஒரு கோடையில் அட்டையில் பத்துச் சீட்டுதான் மிச்சம், கடிகாரம் இன்னும் உறைக்குள் தொங்குகிறது. எதிர்வீட்டு அண்ணன் கணக்கில் புலி. வீட்டில் இரண்டரை ரூபாய் வாங்கிவந்து பத்தையும் மொத்தமாகக் கிழித்தார். நாங்கள் சுற்றி நின்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். ஏழு பலூன், மூன்று விசில்.