"சாப்பிடவே மாட்டேங்குது" என்று வரும் பெற்றோர்

குழந்தைநல மருத்துவராக நான் தினமும் கேட்கும் புகார், "டாக்டர், பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது" என்பதுதான். "எடை கூடுற மாதிரி இருக்கு, பாருங்க" என்று வருபவர்கள் மிகக் குறைவு. ஆனால் முதல் புகாரோடு வரும் குழந்தைகளிலேயே சிலர், அளந்து பார்த்தால், உயரத்துக்குரிய எடையைத் தாண்டி இருக்கிறார்கள்.

சமீபத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை அம்மாவும் பாட்டியும் அழைத்து வந்தார்கள். அதே புகார். உயரம் 95 செ.மீ., எடை 17.5 கிலோ. இந்த உயரத்துக்கு 14 கிலோவை ஒட்டி இருந்தால் போதும். வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டியபோது அம்மாவால் நம்ப முடியவில்லை.

அவர்மேல் தவறே இல்லை. உப்பிய கன்னத்தையும் கை மடிப்பையும் ஆரோக்கியம் என்றே பார்த்துப் பழகிய கண் நமக்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை ஒன்றும் இதையே சொன்னது: எடை கூடிய குழந்தைகளின் பெற்றோரில் ஏறத்தாழ பாதிப்பேர் அதை உணரவில்லை.

குழப்பம் முதல் பிறந்தநாளை ஒட்டித் தொடங்குகிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிவிடும். அடுத்த ஒரு வருடம் முழுக்கக் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இது இயல்பு. வீட்டில் இருப்பவர்களுக்கோ, நேற்றுவரை வாயைத் திறந்த பிள்ளை இன்று முகத்தைத் திருப்பினால் பதற்றமாகிவிடுகிறது. கைபேசியைக் காட்டி ஊட்டுகிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்கு, வயிறு சொல்லும் 'போதும்' கேட்பதே இல்லை. என் அனுபவத்தில் எடைப் பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

அந்த அம்மாவிடம் ஒரு நாள் கணக்கைக் கேட்டேன். மூன்று வேளையும் சில வாய்தான். அப்புறம் மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது: சர்க்கரை போட்ட பால் நான்கு புட்டி, பழச்சாறு இரண்டு தம்ளர், அழுதால் பிஸ்கட். இவையெல்லாம் 'சாப்பாடு' கணக்கில் சேரவே இல்லை. வயிறு நிறைந்த பிள்ளை தட்டைத் தள்ளாமல் என்ன செய்யும்?

பாட்டி சொன்னார்: "இவ அப்பாவும் சின்னதுல இப்படித்தான் இருந்தான். ஓடியாடினா தானா இளைச்சுடும்." அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு வயதுக்குப் பிறகு, ஐந்தாறு வயதுவரை, குழந்தைகள் உயரம் கூடக்கூட மெலிந்துகொண்டே வருவார்கள். அந்த வயதில் மெலியாமல், உயரத்தை முந்திக்கொண்டு எடை ஏறினால், அது தானாகக் கரையும் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, பட்டினி போடுவதா? கூடவே கூடாது. இந்த வயதில் பொதுவாக எடையைக் குறைக்க முயல்வதில்லை. எடை அப்படியே நிற்கட்டும், உயரம் வந்து சேர்ந்துகொள்ளும். நான் சொன்னது இவ்வளவுதான்: பழச்சாறு வேண்டாம், பழமாகவே கொடுங்கள். பால் சர்க்கரையில்லாமல், கோப்பையில், நாளுக்கு இரண்டு தடவை. சாப்பிடும்போது திரை வேண்டாம். என்ன, எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். 'குண்டு' என்ற சொல் மட்டும் அவள் காதில் விழவே கூடாது, செல்லமாகக்கூட.

தூக்கமும் ஓட்டமும் முக்கியம். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம், மூன்று மணி நேர ஓட்டம் ஆட்டம், திரை அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை.

கடைசியில் அம்மா தயங்கிக் கேட்டார்: "ஒருவேளை சாப்பிடாம தூங்கிட்டா மனசு கேக்குமா டாக்டர்?" முதல் வாரம் கேட்காதுதான், எந்நேரமும் போன் பண்ணுங்கள் என்றேன். இரண்டு முறை பண்ணினார்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது உயரம் 98.5 செ.மீ., எடை 17.6 கிலோ. தட்டில் வைப்பதைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறாளாம். இரவுப் பால்புட்டியை மட்டும் இன்னும் விடவில்லை. அடுத்த முறை பாட்டியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அவளைத் தூங்க வைப்பது அவர்தான்.