தகரக் கூரையில் மழை விழும்போது

ஐப்பசி, கார்த்திகை வந்தால் குன்னூரில் உள்ள என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். தூக்கம் இல்லை, படபடப்பு, நெஞ்சில் பாரம் என்பார்கள். எப்போது அதிகமாகிறது என்று கேட்டால், மழை வலுத்தால் என்று பதில் வரும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரவைப் பார்த்தவர்கள் சிலருக்கு அது இன்னும் விடியவில்லை.

அவர்களில் ஒருவரைப் பற்றி, அவருடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். கொழுந்து பறிக்கும் பெண். அப்போது பன்னிரண்டு வயது. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஓடியபோது பிடி நழுவிவிட்டது. இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தகரக் கூரையில் மழை தடதடத்தால், ரேஷன் அட்டை வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை கதவருகே உட்கார்ந்திருப்பார். பயந்த சுபாவம் என்று வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். காட்டெருமை நிற்கும் பாதையில் தினமும் வேலைக்குப் போகிறவர் அவர். அவரைப் பயந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாதாரண நினைவுகள் நாளடைவில் மங்கிப் பழங்கதையாகிவிடும். பேரதிர்ச்சியில் பதிந்தவை சில நேரம் அப்படி ஆவதில்லை. சத்தமும் வாசனையும் உடம்பின் நடுக்கமும் அன்றிருந்தபடியே கிடக்கும். மழைச் சத்தம் ஒன்று போதும், எல்லாம் ஒருசேர எழுந்துவிடும். இத்தகைய நினைவுக்காகத்தான் கண் அசைவுச் சிகிச்சை இருக்கிறது. அந்த நினைவை மனதில் வைத்தபடி, சிகிச்சையாளர் இடமும் வலமுமாக நகர்த்தும் விரலைக் கண்ணால் தொடர்வது இதன் முக்கியப் பகுதி. மருத்துவ வட்டத்தில் இதை இ.எம்.டி.ஆர். என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1987இல் இதை உருவாக்கத் தொடங்கி, 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

விரலை ஆட்டினால் வேதனை போய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு நினைவை மனதில் நிறுத்தியபடியே கண் வேறொன்றைத் தொடரும்போது, மனம் இரண்டையும் முழுதாகத் தாங்க முடியாமல் நினைவின் கூர்மை குறைகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் முதல் மூன்று சந்திப்புகளில் நான் விரலையே உயர்த்தவில்லை. மனம் கலங்கினால் திரும்பிப் போக அமைதியான ஓர் இடம் வேண்டும். அம்மா வீட்டு விறகடுப்பின் முன்னால், தலை உலர்த்தியபடி உட்கார்ந்திருந்ததை அவர் தேர்ந்தெடுத்தார். கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவேன் என்றும் பேசிக்கொண்டோம். அதன் பிறகே அந்த இரவைத் தொட்டோம். மிக மோசமான காட்சி எது? அதோடு தன்னைப் பற்றி வரும் எண்ணம் என்ன? "நான்தான் கையை விட்டுவிட்டேன்" என்றார். வேதனை பத்துக்கு எவ்வளவு? பத்து. உடம்பில் எங்கே? வலது உள்ளங்கையில்.

என் இரு விரல்கள் இடமும் வலமுமாக அரை நிமிடம் போல நகர, அவர் கண்கள் தொடர்ந்தன. நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, "இப்போது என்ன வருகிறது?" என்று மட்டும் கேட்டேன். சேறு என்றார். அடுத்த முறை, பாட்டியின் வளையல். பிறகு நெடுநேரம் அழுதார். அதற்கடுத்த சந்திப்பில், கேட்காமலே, "என் கை ரொம்பச் சின்னதாக இருந்தது, டாக்டர்" என்றார். அந்தப் புரிதலை நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியிருந்தாலும் அவருக்குள் இறக்கியிருக்க முடியாது. எட்டாவது சந்திப்பில் வேதனையின் எண் பத்திலிருந்து இரண்டுக்கு வந்தது. பாட்டியை அவர் மறக்கவில்லை. மறக்கவைப்பது இச்சிகிச்சையின் வேலையும் அல்ல. மழைக்காலத்தில் பையை இப்போதும் தயாராக வைக்கிறார். சரிவில் வீடு இருப்பவர் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தூங்குகிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கைப்பேசியில் ஓடும் புள்ளியைப் பார்த்துத் தனியாக இதைச் செய்யாதீர்கள். திறந்த நினைவை மூடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வலிப்பு, கண் நோய், அடிக்கடி நினைவு தப்பிப்போவது போன்றவை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; கண் அசைவுக்குப் பதில் கைகளில் மாறி மாறித் தட்டியும் செய்யலாம். வீட்டில் அடி உதை இன்னும் நடக்கிறதென்றால் முதல் வேலை பாதுகாப்பு. சிகிச்சை அதன் பிறகுதான்.

இச்சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்றவரா என்று மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ தயங்காமல் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துப் பேசலாம். நடந்ததையெல்லாம் விவரித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து வரும் பெண்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். தொலைவில் உள்ள பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலை நேரமே ஒதுக்குகிறேன். அழுது முடித்து, டீ குடித்து, மனம் நிலைப்பட்ட பிறகே பஸ் ஏற வேண்டும்.