ஆதித்யா எல்-1: சூரிய ஒளியை விலக்கிச் சூரியனைப் பார்க்கும் கருவி

சூரியனைச் சுற்றிப் பல லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குப் பரந்திருக்கும் கரோனா என்ற வெளிப்புற வளிமண்டலம், நாம் அன்றாடம் காணும் சூரியத் தட்டைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மங்கலானது. முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலா அந்தத் தட்டை மறைத்துவிடும் சில நிமிடங்களில் மட்டுமே அது வெண்ணிற மகுடமாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரு முழுக் கிரகணம் மிக நீண்டாலும் ஏழரை நிமிடத்தைத் தாண்டுவதில்லை. பெரும்பாலானவை அதில் பாதி கூட நீடிப்பதில்லை. கரோனாவைப் பற்றிய அறிவை நெடுங்காலம் இந்தச் சில நிமிடங்களிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம், அதே காட்சியைக் கிரகணத்துக்காகக் காத்திராமல் நாள்தோறும் பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டது.

இந்த விண்கலத்தைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். ஆதித்யா சூரியனை நெருங்கிச் செல்லவில்லை. அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சூரியனுக்கும் நமக்கும் இடையிலான 15 கோடி கிலோமீட்டரில் இது நூற்றில் ஒரு பங்குதான். சூரியனை உண்மையிலேயே நெருங்குவது அமெரிக்காவின் பார்க்கர் கலம். 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியப் பரப்பிலிருந்து சுமார் 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவு வரை சென்று, கரோனாவுக்குள்ளேயே பறந்தது. ஆனால் அவ்வளவு அருகில், வெப்பக் கவசத்தின் நிழலில் ஒதுங்கியிருக்கும் ஒரு கலத்தால் சூரியனை நேருக்கு நேர் பார்த்துப் படம் எடுக்க முடியாது. தான் கடந்து செல்லும் இடத்தின் துகள்களையும் காந்தப்புலத்தையும் பார்க்கர் அளக்கிறது; கரோனா முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமானால் தள்ளி நின்றுதான் ஆக வேண்டும்.

தள்ளி நிற்பதற்கும் பொருத்தமான இடம் வேண்டும். பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் இருக்கும் எந்தப் பொருளும் இயல்பாக பூமியைவிட வேகமாகச் சுற்றி, ஓராண்டு நிறைவதற்கு முன்பே ஒரு சுற்றை முடித்துவிடும். ஆனால் அந்தப் பொருள் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் இருந்தால், பூமியின் ஈர்ப்பு அதை எதிர்ப்பக்கமாக இழுத்துச் சூரிய ஈர்ப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. இந்த ஈடு சரியான அளவில் அமையும் ஓர் இடத்தில், அந்தப் பொருளும் பூமியைப் போலவே ஓராண்டில் சூரியனைச் சுற்றி வரும். அந்த இடமே முதலாம் லக்ராஞ்சுப் புள்ளி. கலத்தின் பெயரில் உள்ள எல்-1 அதைத்தான் குறிக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சூரியன் மறைவதேயில்லை. ஆதித்யா திட்டம் முதலில் பூமிக்கு மேல் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு சிறிய செயற்கைக்கோளாகத்தான் எண்ணப்பட்டது. அதைப் பிற்பாடு பெரிதாக்கி, பூமியின் நிழலே படாத இந்த இடத்துக்கு மாற்றியதுதான் திட்டத்தின் மிக நல்ல முடிவு என்று கருதுகிறேன்.

2024 ஜனவரி 6 அன்று ஆதித்யா அங்கே சென்று சேர்ந்தது. சரியாக அந்தப் புள்ளியிலேயே அது நிற்பதில்லை. அப்படி நின்றால், கலத்தை நோக்கித் திரும்பும் பூமியின் ஆன்டெனாக்களில் கலத்தின் மெல்லிய சமிக்ஞையோடு அதன் பின்னாலிருக்கும் சூரியனின் ரேடியோ இரைச்சலும் சேர்ந்து விழும். எனவே அது புள்ளியைச் சுற்றி அகன்ற ஒரு வளையப் பாதையில், சுமார் 178 நாட்களுக்கு ஒரு சுற்று வீதம் சுற்றுகிறது. அந்தச் சமநிலையும் நிலையற்றது. சிறிது விலகினாலும் விலகல் வளர்ந்துகொண்டே போகும் என்பதால், உந்துபொறிகளை அவ்வப்போது இயக்கிப் பாதையைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆதித்யாவில் ஏழு கருவிகள் உள்ளன. அவற்றில் முதன்மையானது, பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய வெல்க் என்ற கரோனாகிராஃப், அதாவது கரோனாவைப் பார்ப்பதற்கான தொலைநோக்கி. இதன் வேலையைப் புரிந்துகொள்ள, ஒளியைத் திரட்டுவதே தொலைநோக்கியின் பணி என்ற எண்ணத்தைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். இங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை. வேண்டாத ஒளியை வெளியேற்றுவதுதான் முழு வேலையும். இரவில் எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கைக் கையால் மறைத்தாலும், காற்றிலுள்ள தூசியும் நம் கண்ணாடியிலுள்ள அழுக்கும் அந்த வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், விளக்கை ஒட்டிப் பறக்கும் மின்மினி நமக்குத் தெரிவதில்லை. கரோனாவைப் பார்ப்பதில் உள்ள இடர் இதே வகையானது. பூமியின் காற்று சிதறடிக்கும் சூரிய ஒளி மட்டுமே, தெளிவான வானத்திலும், கரோனாவைவிடப் பிரகாசமாக இருக்கும். 1930-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு வானியலர் பெர்னார் லியோ முதல் கரோனாகிராஃபை உருவாக்கியபோது, காற்று மெலிந்த பிக் டு மிடி மலையுச்சிக்கு அதைக் கொண்டு சென்றது இதனால்தான்.

விண்வெளியில் காற்று இல்லை. ஆயினும் கருவியே ஒளியைச் சிதறடிக்கும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1995-ல் ஏவிய சோஹோ கலத்தின் லாஸ்கோ கருவி, தன் முகப்புக்கு முன்னால் ஒரு தடுப்பு வட்டை நிறுத்தி, சூரியத் தட்டின் ஒளி உள்ளே நுழையாமலே செய்துவிடுகிறது. இம்முறையில் சிதறல் குறையும். ஆனால் வட்டின் விளிம்பில் ஒளி வளைந்து உள்ளே கசிவதால், வட்டைத் தேவைக்கு மேல் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. அதனால் சூரியனின் மையத்திலிருந்து சுமார் இரண்டு ஆரத் தொலைவு வரையுள்ள பகுதி மறைந்துபோகிறது. பரப்புக்கு மேலேயுள்ள ஏறக்குறைய ஏழு லட்சம் கிலோமீட்டர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. உள் பகுதியைப் பார்க்கவென்றே சோஹோவில் இருந்த மற்றொரு கரோனாகிராஃப், 1998-ல் கலத்துடனான தொடர்பு துண்டிக்கப்பட்டு மீண்ட பிறகு வேலை செய்யவில்லை. ஆக, கரோனாவில் நிகழ்வுகள் பிறக்கும் அடிப்பகுதியே நமக்கு நன்கு தெரியாத பகுதியாக இருந்தது.

வெல்க் எதிர்த்திசையில் போகிறது. அது முழுச் சூரிய ஒளியையும் தன் முதன்மை ஆடியின்மேல் விழ விடுகிறது. அந்த ஆடி குவிக்கும் பிம்பம் இரண்டாம் ஆடியில் விழுகிறது. அதன் நடுவே ஒரு துளை இருக்கிறது. சூரியத் தட்டின் பிம்பம் அந்தத் துளை வழியாகச் சென்று, பின்னாலுள்ள மூன்றாம் ஆடியில் பட்டுக் கருவிக்கு வெளியே அனுப்பப்படுகிறது. துளையைச் சுற்றி விழும் கரோனாவின் ஒளி மட்டுமே திரும்பி வந்து உணரிகளை அடைகிறது. முகப்பின் விளிம்பில் வளைந்து வரும் ஒளியை, லியோ கண்ட வழியிலேயே, உள்ளே வைக்கப்பட்ட ஒரு தடுப்பு வளையம் பிடித்துக்கொள்கிறது. இதன் பயன், சூரிய ஆரத்தின் 1.05 மடங்கு தொலைவிலிருந்தே, அதாவது பரப்புக்கு மேல் சுமார் 35,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்தே கரோனாவைப் பார்க்க முடிகிறது.

இந்த வசதிக்கு விலையும் அதிகம். முதன்மை ஆடியின்மேல் விழுவது கரோனாவைப் போலப் பத்து லட்சம் மடங்கு ஒளி. அதில் மிகச் சிறிய பங்கு சிதறினாலும் கரோனா மூழ்கிப்போகும். ஆகவே ஆடியின் மேடுபள்ளங்கள் அணுக்களின் அளவை எட்டும் வரை அதை மெருகேற்ற வேண்டியிருந்தது. ஒரு தூசித்துகள்கூடப் படியாதபடி, ஓசகோட்டேயிலுள்ள ஆய்வு வளாகத்தின் தூய அறையில் கருவியை இணைத்தார்கள். விண்ணில் ஏறிய பின் ஆடியைத் துடைக்க வழியே இல்லை என்பதை நினைத்தால், இந்தக் கண்டிப்பின் பொருள் விளங்கும்.

வெல்க்கைச் செய்த நிறுவனத்தின் வேர்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சென்னை வான்நோக்கு நிலையத்துக்கும், அதன் தொடர்ச்சியான கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கும் செல்கின்றன. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது கொடைக்கானலில்தான். ஆதித்யா திட்டத்தின் இயக்குநரான நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர்.

வெல்க் படம் மட்டும் எடுப்பதில்லை. கரோனாவின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, அதன் நிறமாலையையும் பதிவு செய்கிறது. அது கூர்ந்து நோக்கும் ஓர் அலைநீளம் 530.3 நானோமீட்டர். 1869-ஆம் ஆண்டு கிரகணத்தில் இந்தப் பச்சை நிறக் கோட்டை முதன்முதலாகக் கண்ட அறிஞர்கள், பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தாததால் திகைத்தார்கள்; அதைக் கரோனியம் என்ற புதிய தனிமத்தின் அடையாளமாகவும் கருதினார்கள். சுமார் 70 ஆண்டுகளுக்குப் பிறகு வால்டர் குரோட்ரியான், பெங்ட் எட்லேன் ஆகியோரின் ஆய்வுகளால், அது தன் 26 எலக்ட்ரான்களில் சரிபாதியான 13-ஐ இழந்த இரும்பு வெளியிடும் ஒளி என்று தெரியவந்தது. இரும்பு அணு இத்தனை எலக்ட்ரான்களை இழக்க வேண்டுமானால் வெப்பநிலை இருபது லட்சம் டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சூரியப் பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். வெப்ப மூலத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல வெப்பம் பெருகுவது ஏன் என்ற கேள்வி அன்று பிறந்தது. இன்றும் அதற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை.

பச்சைக் கோட்டின் செறிவும் அகலமும் இடமாற்றமும், அதை வெளியிடும் பிளாஸ்மா என்ற மின்னூட்டம் பெற்ற வாயுவைப் பற்றித் தனித்தனிச் செய்திகளைச் சொல்கின்றன: எவ்வளவு பொருள் இருக்கிறது, எவ்வளவு கொந்தளிக்கிறது, நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா. 2024 ஜூலை 16 அன்று கரோனாவின் ஒரு பகுதி வெடித்து வெளியேறியதை வெல்க் இதே கோட்டில் கண்டது. அந்த இடத்தின் பிரகாசம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்து, சுமார் ஆறு மணி நேரம் அப்படியே நீடித்தது. வெளியேறிய பொருள் விட்டுச்சென்ற வெற்றிடமே அந்த மங்கல். வெடிப்பு வெளியே வந்த பின்பு பார்ப்பதற்கும், அது கிளம்பும் நேரத்தையும் இடத்தையும் பரப்புக்கு அருகிலேயே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது.

இத்தகைய வெடிப்புகள் நூறு கோடி டன் அளவிலான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தோடு சேர்த்து வீசுகின்றன. 1989 மார்ச்சில் இப்படி வந்த ஒரு புயல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பல மணி நேரம் மின்சாரத்தைத் துண்டித்தது. 2024 மே மாதத்துப் புயலின்போது லடாக்கின் ஹன்லேயிலிருந்துகூடச் செந்நிறத் துருவ ஒளி பதிவானது. பூமியை நோக்கி வரும் புயல் முதலில் எல்-1 பகுதியைத் தாண்டியே ஆக வேண்டும். விநாடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால் அங்கிருந்து பூமியை அடைய 50 நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் ஆதித்யாவின் துகள் உணரிகளும், ஆறு மீட்டர் நீளக் கம்பத்தில் பொருத்தப்பட்ட காந்தமானிகளும் புயலின் தன்மையை நேரடியாக அளக்கின்றன. வெடிப்பின் பிறப்பைப் பார்க்கும் கரோனாகிராஃபும், அதே வெடிப்பு தன்மேல் மோதும்போது அளக்கும் கருவிகளும் ஒரே கலத்தில் அமைந்திருப்பதை இத்திட்டத்தின் பெரும் வலிமையாகக் கருதுகிறேன்.

தடுப்பு வட்டின் இடர்ப்பாட்டுக்கு ஐரோப்பியர்கள் வேறொரு விடை கண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பர் 5 அன்று பி.எஸ்.எல்.வி ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்ட புரோபா-3 திட்டத்தில் இரண்டு கலங்கள் 150 மீட்டர் இடைவெளியில், மில்லிமீட்டர் துல்லியத்தோடு ஒரே வரிசையில் பறக்கின்றன, ஒன்றிலுள்ள 1.4 மீட்டர் வட்டின் நிழலில் மற்றதன் கருவி இருக்கிறது. வட்டு அவ்வளவு தொலைவில் இருப்பதால் விளிம்பில் கசியும் ஒளி வெகுவாகக் குறைந்து, 1.1 ஆரம் வரை நெருங்கிப் பார்க்க முடிகிறது. ஆனால் பூமியைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மணி நேரம் வரைதான் இந்த வரிசையைக் காக்க இயலும். ஆதித்யாவின் பார்வை அப்படி இடையிடையே தடைபடுவதில்லை. அதன் திட்டமிட்ட ஆயுள் ஐந்து ஆண்டுகள். சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தில் இருந்தபோது பணியைத் தொடங்கிய வெல்க், செயல்பாடு தணிந்துவரும் இந்த ஆண்டுகளிலும் அதே பச்சைக் கோட்டைத் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது.