பரிதிவட்டத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள்

தை பிறந்தால் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சி களைகட்டிவிடும். பரிதிவட்டம் என்ற கனமான தட்டை வீசும் மூலையில் பத்து நிமிடம் நின்று பிள்ளைகளின் கையை மட்டும் கவனியுங்கள். நான்கு விரல்களும் அடிவரை மடிந்திருக்கும், பெருவிரல் மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும், முன்கை நரம்புகள் புடைத்து நிற்கும். வீசியதும் வட்டம் தள்ளாடிப் போய்ச் சிறிது தூரத்திலேயே விழும். "கையில் பலம் காணாது" என்று சொல்லிவிடுகிறோம். பலத்தில் குறையில்லை, பிடியில்தான் பிழை.

பரிதிவட்டம் விரல் நுனிகளில் தொங்க வேண்டிய பொருள். தண்ணீர் நிறைந்த வாளியைச் சுழற்றும்போது தண்ணீர் சிந்தாததுபோல, கை வீச்சில் இருக்கும்வரை வட்டமும் விரல்களில் தானாகவே நிற்கும். இதைப் பிள்ளை நம்பத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

வலக்கையால் வீசுபவர் இடக்கையில் வட்டத்தைத் தாங்கிக்கொண்டு, வலது உள்ளங்கையை அதன்மேல் தட்டையாக வைக்க வேண்டும். விரலின் உட்புறத்தில் நுனியிலிருந்து முதலாவதாக வரும் ரேகை வட்டத்தின் விளிம்பில் பொருந்தட்டும். அதற்கு அப்பாலுள்ள நுனிமூட்டு மட்டுமே மடியும். விரல்களுக்கிடையில் சம இடைவெளி போதும். கை பெரிதானவர்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் நெருக்கி வைத்துப் பார்க்கலாம், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். பெருவிரல் வட்டத்தின் முகத்தில் சும்மா சாய்ந்து கிடக்க வேண்டும். மணிக்கட்டைச் சற்று உட்புறம் வளைத்துக் கையைத் தொங்கவிட்டால் வட்டத்தின் மேல் விளிம்பு முன்கையைத் தொடும். இதுதான் சரியான பிடி.

கைக்குப் பெரிய வட்டத்தைக் கொடுத்தால் இந்தப் பிடி வராது. உலக தடகள விதிப்படி பெண்களுக்கு 1 கிலோ, 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 1.5 கிலோ, வளர்ந்த ஆண்களுக்கு 2 கிலோ. 1 கிலோ வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர், 2 கிலோ வட்டத்தினது 22. களஞ்சிய அறையில் அகப்பட்டதைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தால் அது விரலை அடிவரை மடித்தே ஆகும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

வட்டம் கையை விட்டுப் போகும் ஒழுங்குதான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. முதலில் சின்னிவிரல், பிறகு மோதிரவிரல், நடுவிரல், கடைசியில் சுட்டுவிரல். சுட்டுவிரலால் வெளியேறும் வட்டம், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல இந்தச் சுழற்சிதான் வட்டத்தைக் காற்றில் தட்டையாக வைத்திருக்கிறது. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பினால் வட்டத்தின் முன்விளிம்பு நிமிர்ந்து, காற்று அதைத் தடுத்து விழுத்தும். சின்னிவிரல் பக்கமாக வெளியேறினால் சுழற்சியே தலைகீழ். பயிற்சி முடிந்ததும் பிள்ளையின் விரல்களை வாங்கிப் பாருங்கள். சுட்டுவிரல் நுனி சிவந்திருந்தால் நல்லது. சின்னிவிரல் சிவந்திருந்தால் நாளைக்கும் உருட்டும் பயிற்சிதான்.

உருட்டுதல் என்பது, முழங்காலை மடித்து, கையைப் பக்கவாட்டில் பின்னுக்கும் முன்னுக்கும் ஊசலாட்டி, வட்டத்தை விளிம்பில் நிற்கும்படி நிலத்தில் விடுவது. சுட்டுவிரலால் விட்டால் 10 அல்லது 15 மீற்றர் நேராக ஓடும், இல்லாவிட்டால் உடனே கவிழும். இதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை. புல்தரையில் செய்யுங்கள், மணலில் வட்டம் புதைந்துவிடும். ஒருநாளைக்கு 20 தரம் நேராக உருட்ட வந்த பிறகே நின்ற நிலையில் வீச விடுங்கள். 2.5 மீற்றர் விட்டமுள்ள வீச்சு வளையத்துக்குள் சுழன்று வீசுவது அதற்கும் பிறகு.

எங்கள் வெயிலில் வியர்வை பெரிய பிரச்சினை. நழுவுமோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் இறுக்குகிறார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னர் வட்டத்தையும் கையையும் உலர்ந்த துணியால் துடைத்து, மக்னீசியம் காபனேற்றுத் தூள் பூசலாம். வகுப்பறை வெண்கட்டித் தூள் அந்த அளவுக்கு ஈரம் உறிஞ்சாது. கையுறைக்கு அனுமதியில்லை. விரல்களைச் சேர்த்து ஒட்டுநாடா சுற்றவும் கூடாது. விளிம்பில் கீறலோ பிசிறோ இருந்தால் அரத்தாளால் தேய்த்துவிடுங்கள், அது விரல் தோலைக் கிழிக்கும்.

வலக்கைக்காரரின் வட்டம் முன்கூட்டியே நழுவினால் வலப்பக்கமாகப் பறக்கும். காத்திருக்கும் பிள்ளைகளை அந்தப் பக்கத்தில் வரிசையாக இருத்தும் வழக்கம் பல மைதானங்களில் இருக்கிறது. அவர்களை வீசுபவருக்கு நன்றாகப் பின்னால், பாதுகாப்பு வலைக்கு அப்பால் நிறுத்துங்கள். முழங்கையின் உட்புறத்தில் வலி என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கு வீச்சை நிறுத்திவிட்டு, அடுத்த முறை வரும்போது முதலில் பிடியைப் பாருங்கள். வலி சில நாட்களில் தணியாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.